மூன்றாவது ஜோடி சாக்ஸ்

திருகாணி குதிக்காது. இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடித் திருகாணிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். விழும், உருளும், தரையோடு தரையாக ஒளிந்துகொண்டு உயிரை வாங்கும், ஆனால் குதிக்காது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து என் மனைவியின் கண்ணாடியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததை முதலில் நம்ப முடியவில்லை. துண்டின்மேல் கிடந்த கறுப்புப் பொட்டைத் திருகாணி என்று நினைத்து இடுக்கியை நீட்டினேன். அது ஒரு முழம் எகிறிப் போய் சர்க்கரை டப்பாவின் மூடியில் உட்கார்ந்தது. கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியோடு கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அமுக்கி எடுத்ததுபோல ஒல்லியான உடம்பு, பழுப்பு நிறம், பின்னங்கால்கள் மட்டும் ஓட்டப்பந்தயக்காரனுக்கு இருப்பதுபோல் நீளம். தெள்ளுப்பூச்சி. மேசைக்கு அடியில் என் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்த வக்கீல் அந்த நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்து காதுக்குப் பின்னால் தடதடவென்று சொறிந்துகொண்டார்.

வக்கீல் என்பது எங்கள் நாய். உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்துக்குக் கீழே மட்டும் வெள்ளையாக இரண்டு பட்டை. யார் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை குரைக்காமல் விடமாட்டார். இந்த இரண்டையும் பார்த்து அவருக்குப் பெயர் வைத்தவள் என் மனைவியின் மகள், பதினொரு வயது. ‘என் மகள்’ என்று நான் எழுதவில்லை. எழுத ஆசைதான். ஆனால் அவள் என்னைப் பற்றிப் பேசும்போது அம்மாவிடம் ‘உன் வீட்டுக்காரர்’ என்பாள். உன் வீட்டுக்காரர் குளிச்சிட்டு வந்துட்டார், உன் வீட்டுக்காரருக்கு உப்பு வேணுமாம். நேராக என்னிடம் பேச வேண்டியிருந்தால் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்குவாள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியாத சாமானை மேசை ஓரத்திலேயே வைத்திருப்போமே, அப்படி என்னை வைத்திருந்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆனது நாற்பத்தாறாவது வயதில். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதில் ஒருநாள் பார்ப்பதற்கே ஆள் இல்லாமல் போய்விட்டது. பிறகு ஒரு மத்தியானம் காம்பு உடைந்த கண்ணாடியோடு இவள் என் கடைக்குள் வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. முதல் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷமும் மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் நல்ல மனிதர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் ஆறு வருஷம் இருந்தால் உடம்பு சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. காபி குடித்த கையோடு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். குழம்பில் காரம் போதுமா என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை உட்காரமாட்டாள். என் வீட்டுக்கு வந்த பிறகும் இதெல்லாம் மாறவில்லை. வாசலில் காத்திருக்கும் நோயாளியிடம் பேசுவதுபோலவே என்னிடமும் பேசினாள். ‘அஞ்சு நிமிஷம் உட்காருங்க, ஆயிடும்.’ எட்டு மாதத்தில் எங்களுக்குள் ஒரு சண்டைகூடக் கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள். எனக்கோ அது பயமாக இருந்தது.

காரணம், அந்தப் பெட்டிகள். வரும்போது இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்று நீலம், ஒன்று பிடி தேய்ந்த பழுப்பு. இரண்டும் அவள் படுக்கும் பக்கம் கட்டிலுக்கு அடியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. அவள் துணி எடுப்பது அலமாரியில் நான் ஒதுக்கிக் கொடுத்த ஒரு தட்டிலிருந்து. பெட்டிக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும்வரை கிளம்புவது சுலபம் என்ற எண்ணம் மட்டும் தினமும் படுக்கும்போது வந்துபோகும்.

அன்றைக்கு நான் சர்க்கரை டப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அருகில் வந்து, “என்னங்க அது?” என்றாள். திருகாணி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தெள்ளுப்பூச்சி என்றேன். அவள் முகம் சட்டென்று வெளுத்துப்போனது.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள். “உங்க வீட்டை இப்படிப் பண்ணிட்டோம். நான் அண்ணனுக்கு போன் பண்றேன். வக்கீல் அங்கயே இருக்கட்டும், பின்பக்கம் கட்டிப் போட்டுப்பாங்க.”

உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்த மகள் குரலை உயர்த்தவே இல்லை. “வக்கீல் போனா நானும் போறேன்,” என்றாள்.

இதற்கு அவள் அம்மா ஓர் அதட்டல் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. துண்டை எடுத்து உதறி மடித்தாள். அந்த ‘நானும்’ எத்தனை பேர்வரை நீளும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெள்ளுப்பூச்சி கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான், சொறிந்துகொண்டால் போயிற்று. இவர்கள் போய்விட்டால் நான் திரும்பவும் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்குள் பேரம் பேசினேன். மூன்று வாரம் கேட்டேன். அவள் யோசித்து, சரி என்றாள். ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் பூச்சி இருந்தால் அண்ணன் வந்து நாயைக் கூட்டிப்போவார். அண்ணனிடம் போனில் சொல்லி நாளும் குறித்துவிட்டாள். பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுப்பவள் இல்லையா.

நாய் டாக்டரம்மா சுறுசுறுப்பான ஆள். வக்கீலின் ரோமத்தைப் பேன்சீப்பால் இரண்டு இழுப்பு இழுத்து, உதிர்ந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டினார். துகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பாகக் கசிந்தது. “உங்க நாயோட ரத்தம்தான் இது, குடிச்சுட்டுக் கழிஞ்சு வச்சிருக்கு,” என்றார். கழுத்துக்குப் பின்னால், நக்க எட்டாத இடத்தில், சொட்டு மருந்து விட்டார். வக்கீல் ஆட்சேபித்தார், டாக்டரம்மா தள்ளுபடி செய்தார். பிறகு என்னையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்: “நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான். மீதியெல்லாம் முட்டையா, புழுவா, கூடு கட்டிக்கிட்டு உங்க வீட்டுல இருக்கு. துணியெல்லாம் வெந்நீர்ல போடுங்க. சோபா அடி, கட்டில் அடி, சந்து பொந்து, இருட்டா எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் தினம் வேக்குவம் போடணும். தோட்டத்துல சருகைக் கூட்டி எடுத்து வெயில் படவிடுங்க. குறைஞ்ச மாதிரி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கூட்டுக்குள்ள இருக்கிறது வெளிய வரும்.” எத்தனை மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் சொன்னார். முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். பூச்சி காலில் ஏறும், வெள்ளையில் பளிச்சென்று தெரியும், எண்ணிக்கொள்ளலாம்.

மூன்று ஜோடி வாங்கினேன். எனக்கொன்று, மகளுக்கொன்று, மனைவிக்கொன்று. அவளுடையதைக் கொடுத்தபோது, “எனக்கெதுக்குங்க, நீங்க ரெண்டு பேரும் பாருங்க,” என்று சொல்லிப் பிரிக்காமலே அலமாரித் தட்டில் வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பந்தியில் ஓர் இலை ஆளில்லாமல் கிடப்பதுபோல் அந்தப் பாக்கெட் அங்கேயே இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டுக்குள் வேக்குவம் போடுவது மகள். பின்னால் இருக்கும் தோட்டம், அதாவது ஒரு தண்ணீர்த் தொட்டியும் மூன்று மரமும் நிறையச் சருகும், என் பொறுப்பு. எண்ணுவது மட்டும் மாற்றி மாற்றி. காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் சாக்ஸ் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து வந்து முக்காலியில் ஏறி நிற்பாள், நான் பூதக்கண்ணாடியோடு எண்ணுவேன். சாயங்காலம் நான் தோட்டத்தில் நடந்து வந்து நிற்பேன், அவள் எண்ணுவாள். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவோம். முதல் நாள் வீட்டுக்குள் முப்பத்தொன்று, தோட்டத்தில் இருபத்தாறு. வெந்நீர் போட்டுப் போட்டு அடுப்பு ஓய்ந்தது. திரைச்சீலை, மெத்தை உறை, வக்கீலின் சாக்குப்படுக்கை எல்லாம் கொடியில் தொங்கின. நாங்கள் இருவரும் ஒரு பேசின் சோப்புத் தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு வக்கீலுக்குச் சீவிவிட்டோம். சீப்பில் மாட்டியதைத் தண்ணீரில் முக்கும்போதெல்லாம் அவள், “போடா, போ,” என்று வழியனுப்பினாள். ஒருமுறை நான், “இவனுக்கு ஜாமீன் கிடையாது,” என்று சொன்னதற்குச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் யார் சொன்னது என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

முதல் வாரம் எண்கள் மளமளவென்று இறங்கின. இருபத்திரண்டு, பதினெட்டு, பதினான்கு. மனைவி சாயங்காலம் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அந்தத் தாளைப் பார்ப்பாள். குறைந்திருந்தால் நெற்றிச் சுருக்கம் விலகும். ஒருநாள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பிறகு வீட்டுக்குள் பதினான்கு பதினைந்தானது, மறுபடி பதினான்கு, பிறகு பதினாறு. பூச்சிகள் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மகள் வேக்குவம் குழாயை எங்கள் அறைக் கட்டிலுக்கு அடியில் விடும்போது அந்த இரண்டு பெட்டிகளைத் தொடாமல், சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தேன். பெட்டியை நகர்த்து என்று நான் சொல்லியிருக்கலாம், நானே நகர்த்தியும் இருக்கலாம். கை போகவில்லை. பெட்டியை எடு என்று சொல்வதற்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதற்கும் நடுவே இருக்கும் தூரம் ரொம்பக் குறைவாகத் தெரிந்தது.

அதற்குப் பதிலாக ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒரு காலை. முக்காலிமேல் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளைபோல எப்போதும் அப்படித்தான் நிற்பாள். பதினேழு இருந்தது. வாயைத் திறந்தபோது, “ஒன்பது,” என்று வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து, “நிஜமாவா?” என்றாள். நான் அதற்குள் சாக்ஸைக் கழற்றி வாங்கிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கியிருந்தேன். அன்று சாயங்காலம் மனைவி தாளைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே,” என்றாள். அந்தப் ‘பரவாயில்லையே’வுக்காக மறுநாள் ஏழு என்று எழுதினேன், அதற்கடுத்த நாள் ஐந்து. இருபத்திரண்டு வருஷமாக ஒருவருக்கும் கால் புள்ளி பவர் கூட்டியோ குறைத்தோ கொடுத்ததில்லை நான். தோட்டத்துக் கணக்கு அந்த நேரத்தில் நன்றாகவே குறைந்துகொண்டு வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பன்னிரண்டு, எட்டு, மூன்று என்று மகள் எழுதினாள். அவள் எண்ணும்போது நான் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அவளை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்று என்றான பிறகு தொட்டிக்குப் பின்னால் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். அவளும், வீட்டுக்குள் இரண்டுதானே என்று வேக்குவத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள். தினமும் போடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு என்று எழுதியவனே நான்தானே.

மூன்றாவது சனிக்கிழமை. மறுநாள் அண்ணன் வரும் நாள். அன்று காலைத் தாளில் வீட்டுக்குள் இரண்டு, முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்தில் ஒன்று. மறுநாள் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, பிறகு நிதானமாக நிஜமாகவே ஒழித்துவிடலாம் என்று எனக்கு நானே திட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தேன். மகள் எனக்கு முன்பே வந்து தோட்டத்தில் வக்கீலோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாசலில் மனைவியின் செருப்பு கிடந்தது. அவள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால், உடம்புக்கு முடியவில்லையோ என்று பதறிக்கொண்டு உள்ளே போனேன்.

கூடத்தின் நடுவில், வேலைக்குப் போட்டுப்போகும் உடுப்பை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலில் வெள்ளைச் சாக்ஸ். அலமாரித் தட்டில் மூன்று வாரமாகப் பிரிக்காமல் கிடந்த ஜோடி. பாக்கெட்டின் அட்டை தரையில் கிழிந்து கிடந்தது. சாக்ஸ் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், சில ஏறிக்கொண்டும் இருந்தன.

“ரெண்டு பேரும் இங்க வாங்க,” என்றாள். மகளுக்கும் கேட்கும்படி கத்தினாள். அந்தத் தொண்டைக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

மகள் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். வக்கீல் நிலைமையைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“எண்ணுங்க. நீங்க இந்தக் கால், அவ அந்தக் கால். பொய் சொல்லாதீங்க, நான் ஏற்கெனவே எண்ணிட்டேன்.”

இரண்டு பேரும் மண்டியிட்டு எண்ணினோம். எனக்குக் கொடுத்த காலில் பத்தொன்பது. மகள் எண்ணிய காலில் இருபத்திரண்டு.

“நாப்பத்தொண்ணு,” என்றாள் மனைவி. “பேப்பர்ல ரெண்டுன்னு இருக்கு, ஒண்ணுன்னு இருக்கு.”

மகள்தான் முதலில் உடைந்தாள். “தோட்டத்துல நான்தாம்மா. எண்ணறதுக்கு முன்னாடி அவர் சாக்ஸ்ல இருந்ததை டேப்ல ஒட்டி ஒட்டி எடுத்துட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் மரத்தைப் பார்த்துட்டு நிப்பாரு. அவரைத் திட்டாத.”

என் வாழ்நாளில் எனக்காக வாதாட ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. “வீட்டுக்குள்ள நான்தான்,” என்றேன். “பதினேழை ஒன்பதுன்னு எழுதினேன். அப்புறம் விட முடியலை.”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். “நீங்களுமா?” என்றாள்.

அவள் அம்மா ஆரம்பித்தாள். “உங்களுக்கு அறிவு இருக்கா? இவ சின்னப் பொண்ணு, நாய் போயிடுமேன்னு பயந்துட்டா. நீங்க ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு அனுப்பறவரு, உங்க கண்ணு எங்க போச்சு? இன்னிக்கு ஒரு ஆள் வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கான், ஃபைல் குடுக்கப் போன என் கையிலேர்ந்து பூச்சி குதிச்சு அவன் நெஞ்சு மேல உக்காருது. டாக்டர் பார்க்கறாரு. நான் என்ன சொல்லட்டும்? எங்க வீட்டுல ரெண்டே ரெண்டுதான் இருக்கு, பேப்பர்ல எழுதி வச்சிருக்கோம்னு சொல்லட்டுமா? பூச்சியைக் கொல்லச் சொன்னா ரெண்டு பேரும் உக்காந்து கணக்கைக் கொன்னிருக்கீங்க. கொழுப்பு! இதுல ஈரத் துண்டை வேற தினம் கட்டில் மேல போட வேண்டியது. அது மேல நான் படுக்க வேண்டியது. அந்த அலாரம் எதுக்குங்க மூணு தடவை அடிக்குது? ஒரு தடவை அடிச்சா எந்திரிக்க முடியாதா மனுஷனுக்கு?”

“துண்டைப் பத்தி நீங்க சொன்னதே இல்லையே,” என்றேன்.

“சொல்லணுமா? ஈரத் துண்டு கட்டில்ல போடக் கூடாதுன்னு எட்டு மாசம் கழிச்சு ஒருத்தி வந்து சொல்லணுமா?”

தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் குனிந்தேன். பக்கத்தில் மகளும் அதே மாதிரி குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. ரெண்டு பேரும், ரெண்டு பேரும் என்று அவள் எங்களைச் சேர்த்தே ஏசிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வசவுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது வாங்கும்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று இருந்தது.

திட்டிக்கொண்டே எங்கள் அறைக்குள் போனாள். நாங்களும் பின்னால் போனோம். கட்டிலுக்கு அடியில் குனிந்து நீலப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி இருந்த இடத்தில் தரை தெரியவில்லை. எட்டு மாதத் தூசி, நாய் ரோமம், நடுவில் உப்புத் தூள்போல வெள்ளையாகச் சிதறல், நெளியும் நூல்கள். வக்கீல் பகல் முழுக்க எங்கே தூங்கியிருக்கிறார் என்பது இப்போது விளங்கியது. பழுப்புப் பெட்டிக்குப் பின்னாலும் அதே கதை.

“இதை ஒருத்தராவது நகர்த்திப் பெருக்கினீங்களா?”

“அது உன் பெட்டிம்மா,” என்றாள் மகள். குரல் இறங்கிப்போயிருந்தது. “எடுத்தா நாம மாமா வீட்டுக்குக் கிளம்பறோம்னு ஆயிடுமோன்னு…”

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு ஒளிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

“எனக்கும் அதே பயம்தான்,” என்றேன். “அதான் கை வைக்கலை.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சாக்ஸில் இருந்து ஒன்று குதித்து மெத்தைக்குப் போனது, அதை அவள் கவனிக்கவில்லை. “பரண் முழுக்க உங்க பழைய கண்ணாடிக் கூடெல்லாம் அடுக்கி வச்சிருக்கீங்க,” என்றாள். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் குரல் ஈரமாகிவிட்டிருந்தது. “அலமாரியில ஒரே ஒரு தட்டு குடுத்தீங்க. அதுக்கு மேல நான் எப்படிங்க கேக்கறது? நீங்களா ஒருநாள் சொல்லுவீங்க, பெட்டியை மேல ஏத்திடலாம்னு. சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்.”

நான் அப்படியே போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். பரணில் ஏறி, எந்தக் காலத்திலோ எதற்கோ சேர்த்து வைத்த காலிக் கூடுகளைக் கை கையாக அள்ளிக் கீழே போட்டேன். மகள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவை விழும் சத்தத்துக்கெல்லாம் வக்கீல் வாசலிலிருந்து ஆட்சேபணை தெரிவித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். விடிந்ததிலிருந்து அடுப்பில் வெந்நீர். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் எடுத்து நனைக்க வேண்டியிருந்தது, பூச்சி எதற்குள் போயிருக்கும் என்று யார் கண்டது. தொட்டிக்குப் பின்னால் சருகைக் கடைசித் துணுக்குவரை கூட்டி எடுத்தேன். மகள் வேக்குவம் போட்ட பையைத் தெருமுனைவரை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். தாளில் மூன்றாவதாக ஒரு கட்டத்தை மனைவியே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அதில் நாற்பத்தொன்று என்று எழுதினாள். அந்தத் தாளில் இருந்த எண்களிலேயே பெரியது அதுதான். பக்கத்தில் எங்கள் பழைய எண்களை அடிக்கவில்லை. “இருக்கட்டும், வெக்கப்படுங்க,” என்றாள்.

பத்து மணிக்கு அவளுடைய போன் அடித்தது. மேசைமேல் அண்ணன் பெயர் மின்னியது. அவள் தோட்டத்தில் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்து, வக்கீலை மடியில் கிடத்திச் சீவிக்கொண்டிருந்தாள். மகள் அவருடைய காதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு படியில் வந்து நின்றேன்.

“அண்ணன். கிளம்பி வரட்டுமான்னு கேப்பாரு,” என்றேன்.

மகளின் கை காதிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மனைவி தலையைத் தூக்கவில்லை. சீப்பை ஒரு முக்கு முக்கி எடுத்து, அடுத்த இழுப்பை ஆரம்பித்தாள்.

“கையெல்லாம் சோப்பா இருக்கு. வீட்டுல வேலை கிடக்குன்னு சொல்லுங்க. அப்புறம் நானே பேசறேன்,” என்றாள். பிறகு, “அப்படியே அலமாரியில இன்னொரு தட்டைக் காலி பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும்,” என்றாள்.

போன் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். முனையில் ஆறு வெள்ளைச் சாக்ஸ் வரிசையாக. அவற்றுக்கு அப்பால், தொட்டிவரைக்கும், எட்டு மாதத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத துணிகள். கிளிப்பச்சையில் ஒன்று. பொடிப்பொடியாக மஞ்சள் பூப் போட்ட ஒன்று. ஓரம் கிழிந்து தைத்த ஒரு சால்வை. கீழே நீலப் பெட்டியும் பழுப்புப் பெட்டியும் வாயைத் திறந்துகொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.